காலையில் எடுக்கும், மதியம் எடுக்காது

முழுசாகப் படுத்துவிட்ட காரைச் சரிசெய்வது சுலபம். எது போயிருக்கிறதோ அது போயேதான் கிடக்கும்; தேடினால் அகப்படும். மெக்கானிக்கைத் திணறடிப்பது வேறு ரகம். வீட்டு வாசலில் காலை ஏழு மணிக்குச் சாவியைத் திருப்பியதும் கார் எடுத்துவிடும். மதியம் குரோம்பேட்டையில் ஒரு கடை வாசலில் நிறுத்திவிட்டு, பத்து நிமிடம் கழித்து வந்து திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு போன் போட்டு, அவர் வெயிலில் பைக்கில் வந்து சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காதது போல இன்ஜின் ஓடும். "நல்லாத்தானே சார் இருக்கு" என்பார் அவர். கார்க்காரருக்குப் பதில் இருக்காது.

தென் சென்னைப் புறநகரில் தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், வண்டலூர் என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தக் கதையைச் சொல்ல ஒருவர் இருக்கிறார். அடுத்து நடப்பதும் ஏறக்குறைய ஒரே வரிசைதான். முதலில் பேட்டரி மாறும். கொஞ்ச நாள் நன்றாக ஓடும், பழுது திரும்பி வரும். பிறகு செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ் மாற்றுவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ரிலே, அப்புறம் சாவி சுவிட்ச். கடைசியில் யாராவது "இன்ஜின் கம்ப்யூட்டர், அதான் ஈசியூ, போயிருக்கலாம்" என்று சொல்லும்போது, காரை விற்றுவிடலாமா என்ற யோசனை வந்திருக்கும். இவ்வளவுக்கும் காரணம், நெகட்டிவ் கேபிள் கார் பாடியில் முடுக்கப்பட்டிருக்கும் எர்த் போல்ட்டுக்கு அடியில் பிடித்த துருவாக இருக்கக்கூடும். ஒரு ஸ்பேனரும் ஒரு துண்டு உப்புத்தாளும் அரை மணி நேரமும் போதுமான வேலை அது. கழற்றி எறிந்த பேட்டரியும் பிரித்துப் பார்த்த மோட்டாரும் நல்லவையாகவே இருந்திருக்கும். நடுவில் ஒருவரும் அளந்து பார்க்கவில்லை.

அளப்பது என்றால் எதை, எப்போது என்பதுதான் விஷயம். அதற்குச் செல்ஃப் மோட்டார் என்னும் விசித்திரப் பிராணியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு காலத்தில் காரை எடுக்க முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டியிருந்தது. இன்ஜின் பின்னடித்தால் மணிக்கட்டு முறியும். மின்சாரத்தால் இன்ஜினைச் சுற்றும் மோட்டார் 1912-ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்தது. அதைச் செய்த சார்லஸ் கெட்டரிங், அதற்கு முன் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் கல்லாப்பெட்டியை மின்சாரத்தில் இயக்கும் வேலையைச் செய்தவர். இன்ஜினைச் சுற்றும் அளவுக்கு வலுவான மோட்டார் என்றால் அது காரில் அடங்காத அளவுக்குப் பெரிதாக இருக்கும் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். கல்லாப்பெட்டி மோட்டார் நாள் முழுக்க ஓடத் தேவையில்லை, ஒரு கணம் பலமாக இழுத்தால் போதும் என்பதை அறிந்திருந்த கெட்டரிங் அதே கணக்கைக் காருக்கும் போட்டார். சில நொடிகள் மட்டும் தன் சக்திக்கு மீறி உழைத்துவிட்டு ஓய்ந்துவிடும் சின்ன மோட்டார். 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் நிறுவனத்தின் சென்னை பாடி ஆலையில் தயாராகும் செல்ஃப் மோட்டாருக்கும் அடிப்படை அதுவேதான். தொடர்ந்து பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள், நடுவில் ஆறவிடுங்கள் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வது இதனால்தான்.

அந்தச் சில நொடிகளில் சாதாரண பெட்ரோல் காரின் மோட்டார் 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். டீசல் கார் இன்னும் அதிகம் கேட்கும். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து எரிய சுமார் 10 ஆம்பியர்தான் ஆகும். "லைட் பளிச்சுனு எரியுது, பேட்டரி நல்லா இருக்கு" என்ற முடிவு தப்பாவது இங்கேதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். துருப்பிடித்த ஓர் இணைப்பில் 0.02 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10 ஆம்பியர் ஓடும்போது அங்கே இழப்பது 0.2 வோல்ட், ஹெட்லைட் வெளிச்சத்தில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அதே இணைப்பில் 150 ஆம்பியர் ஓட வேண்டி வந்தால் இழப்பு 3 வோல்ட். பேட்டரியே அந்த நேரத்தில் பத்தரை வோல்ட் பக்கம் இறங்கியிருக்கும். மோட்டாருக்குப் போய்ச் சேருவது ஏழரை. அதை வைத்துக்கொண்டு இன்ஜினைச் சுற்ற முடியாது. இந்த 0.02 ஓமைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவையில் வைத்துப் பிடிக்கவும் முடியாது. கார் சும்மா நிற்கும்போது எங்கே தொட்டாலும் 12.6 வோல்ட் காட்டும். குழாயை மூடியிருக்கும்வரை அடைப்பு தெரியாது, திறந்தால்தான் சொட்டுவது தெரியும் என்பதைப் போன்றது இது. மின்சாரம் ஓடும்போது அளந்தால்தான் அளவு.

இந்தத் துரு தென் சென்னைப் புறநகரில் ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்பதற்கு இந்த ஊருக்கே உரிய காரணம் உண்டு. 2015 டிசம்பர் 2 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த நீர் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்ட நீர், திருநீர்மலை பக்கம் அடையாற்றில் சேர்ந்து அனகாபுத்தூரிலிருந்து கீழே இருந்தவர்களைப் பதம் பார்த்தது. வாசலில் நின்ற கார்கள் கண்ணாடி மட்டத்துக்கு முழுகின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூரும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மறுபடி மூழ்கின. பட்ட அனுபவம் எப்படிப்பட்டது என்றால், 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மக்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தினார்கள். அவர்கள் செய்ததில் முழு நியாயம் இருக்கிறது.

முழுகிய காரை மெக்கானிக் ஷெட்டில் ஆயில் மாற்றி, சீட்டைக் கழற்றிக் காயவைத்து ஓட்டிவிடலாம். ஆனால் வயருக்குள் ஏறிய தண்ணீர் காய்வதில்லை. செம்புக் கம்பிகள் நூல் நூலாகச் சேர்ந்த வயரின் ஒரு முனை நனைந்தால், அந்த நூல்களுக்கு நடுவே தண்ணீர் தானாக ஏறிப் போகும். மேலே பிளாஸ்டிக் உறை பளபளவென்று இருக்கும். உள்ளே செம்பு பச்சை பூத்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தின்னப்பட்டுக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட கார் அடுத்த கோடையில் செல்ஃப் எடுக்காமல் நிற்கும்போது அதற்கும் பழைய வெள்ளத்துக்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றாது. அதுவும் கை மாறிய வண்டி என்றால் வாங்கியவருக்கு வெள்ளக் கதையே தெரியாது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் சீட் உறையையும் பெயின்டையும் பார்க்கிற நேரத்தில் பாதியை, ஃபியூஸ் பெட்டியின் அடிப்பக்கத்தையும் எர்த் போல்ட்டுகளையும் பார்க்கச் செலவழிக்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கம், உத்தண்டி, கோவளம் பக்கம் இருப்பவர்களுக்கு வெள்ளமே தேவையில்லை; உப்புக் காற்றே அந்த வேலையைச் செய்துவிடும்.

சரி, கார் எடுக்கவில்லை. முதலில் செய்ய வேண்டியது காது கொடுப்பது. 'டக டக டக' என்று வேகமாக அடித்தால் ஒரு காரணம்; ஒற்றை 'டக்' என்றால் வேறு; சத்தமே இல்லை என்றால் முற்றிலும் வேறு.

செல்ஃப் மோட்டாரின் தலையில் சாலினாய்டு என்று ஓர் உருளை இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் மெல்லிய வயர் வழியாக அதற்கு மின்சாரம் வரும். உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு காந்தத்தால் இழுக்கப்பட்டு இரண்டு வேலை செய்யும்: பல்சக்கரத்தை இன்ஜினோடு கோக்கும், கடைசியில் ஒரு செம்புத் தகட்டை அழுத்தி பேட்டரியின் பெரிய மின்சாரத்தை மோட்டாருக்குத் திறந்துவிடும். பேட்டரி பலவீனமாகவோ பெரிய கேபிளின் இணைப்பு மோசமாகவோ இருந்தால், தகடு ஒட்டிய கணத்தில் வோல்டேஜ் சரிந்துவிடும். காந்தம் விட்டுவிடும், தண்டு பின்வாங்கும். சுமை போனதும் வோல்டேஜ் திரும்ப ஏறும், மறுபடி இழுக்கும், மறுபடி விடும். அந்த 'டக டக' இதுதான். ஒற்றை 'டக்' மட்டும் வந்து நின்றால் உள் விளக்கைப் பார்க்க வேண்டும். விளக்கு மங்காமல் இருக்கிறது என்றால் பெரிய மின்சாரம் மோட்டாருக்குள் போகவே இல்லை. செம்புத் தகடு கருகித் தேய்ந்திருக்கலாம், பிரஷ் தேய்ந்திருக்கலாம். விளக்கு அணைகிற அளவுக்கு மங்கினால் பேட்டரி, அதன் டெர்மினல், அல்லது இறுகிப்போன மோட்டார். சத்தமே இல்லை என்றால் சாலினாய்டுக்கே மின்சாரம் வரவில்லை: சாவி சுவிட்ச், ரிலே, கிளட்ச் மிதித்தால்தான் எடுக்கும் கார்களில் கிளட்ச் பெடலுக்கு மேலே உள்ள சுவிட்ச், ஆட்டோமேட்டிக் கார்களில் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்க்கும் சுவிட்ச். சில கார்களில் சாவியின் சில்லை அடையாளம் காணாத இம்மொபிலைசரும் இப்படித் தடுக்கும். அப்போது டேஷ்போர்டில் அதற்கான விளக்கு கண்சிமிட்டும். இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் அது செல்ஃப் பிரச்சினையே இல்லை. பெட்ரோல் பக்கமோ ஸ்பார்க் பக்கமோ போக வேண்டும்.

மோட்டாரை ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினால் கார் எடுப்பது உண்டு. மாட்டிக்கொண்ட பிரஷ் அசைந்து கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். தட்டியவர் கெட்டிக்காரர்தான், ஆனால் அது நோயைக் காட்டிய தட்டு, மருந்து இல்லை.

இனி மீட்டர். சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கும். நியூட்ரல், ஹேண்ட்பிரேக். பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால் இன்ஜின் பிடிக்காமல் சுற்ற மட்டும் செய்யும். மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழில் வைக்க வேண்டும். அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பில் வைக்கக் கூடாது. குமிழுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவில்தான் பல சமயம் பழுதே உட்கார்ந்திருக்கும். இன்னொரு முனையை இன்ஜினின் சுத்தமான உலோகத்தில் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நல்ல எர்த். ஒரு வோல்ட் காட்டினால் குற்றவாளி அங்கேதான் இருக்கிறான். அதே மாதிரி பாசிட்டிவ் குமிழிலிருந்து மோட்டாரின் பெரிய டெர்மினல் வரை அரை வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. கடைசியாக பேட்டரியின் இரண்டு குமிழ்களுக்கும் நடுவே: முழு சார்ஜ் ஏறிய பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். இத்தனைக்கும் கால் மணி நேரம் ஆகாது. புது பேட்டரிக்குச் சில ஆயிரம் ரூபாய் கேட்கிற எந்தக் கடையும் இந்தக் கால் மணி நேரத்தைச் செலவழிக்கக் கடமைப்பட்டது.

மதியம் மட்டும் எடுக்காத கார் தனியாகச் சொல்ல வேண்டியது. மே மாதம், மீனம்பாக்கத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாள். பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை ஜி.எஸ்.டி. சாலையில் ஊர்ந்து வந்த காரை அணைத்ததும் ரேடியேட்டர் ஃபேனும் காற்றோட்டமும் நின்றுவிடும். இன்ஜினின் சூடு முழுக்க பானெட்டுக்குள் தேங்கும். சாலினாய்டின் செம்புச் சுருள் சூடாகச் சூடாக அதன் தடை கூடும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம். 60 டிகிரி கூடுதல் சூட்டில் கிட்டத்தட்ட கால் பங்கு. காந்தமும் அதற்கேற்பப் பலவீனப்படும். புது வண்டி இதைத் தாங்கும்படிதான் வடிவமைக்கப்பட்டது. பத்து வருடம் ஓடிய வண்டியில் சாவி சுவிட்சிலும் ரிலேயிலும் ஏற்கெனவே ஒன்றிரண்டு வோல்ட் தொலைந்துகொண்டிருந்தால், இந்தச் சூடு அதைக் கவிழ்த்துவிடும். அரை மணி நேரம் ஆறினால் ஒழுங்காக எடுக்கும். மெக்கானிக் வந்து சேர ஆகும் நேரமும் அரை மணிதான் என்பதால் அவர் கண்ணில் அது படுவதே இல்லை. இப்படிப்பட்ட வண்டியைக் காலையில் ஷெட்டில் விட்டுவிட்டு வருவதில் பயனில்லை. சூடாக ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தி, அப்போதே சாலினாய்டின் மெல்லிய வயரில் எத்தனை வோல்ட் வருகிறது என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

இதற்கு நேர்மாறான ரகமும் உண்டு: திங்கட்கிழமை காலை மட்டும் எடுக்காத கார். தாம்பரம் ஸ்டேஷன் வரை ஓட்டிவந்து, பார்க்கிங்கில் போட்டுவிட்டு, மின்சார ரயிலில் கடற்கரை ஸ்டேஷன் நோக்கிப் போகிறவர்களின் கார். இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில், பேட்டரியில் குறைந்துபோன சார்ஜை ஆல்டர்னேட்டர் முழுசாகத் திருப்பி நிரப்பியிருக்காது. அணைத்து நிறுத்திய காரிலும் கடிகாரம், அலாரம், ஈசியூ நினைவகம் என்று சிறு கசிவு இருக்கும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. பின்னால் மாட்டிய ஸ்டீரியோவோ டேஷ்கேமராவோ ஜி.பி.எஸ். கருவியோ தூங்காமல் 300 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-அவர் காலி. சின்னக் கார்களில் இருக்கும் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி வெள்ளி இரவிலிருந்து திங்கள் காலைக்குள் பாதிக்கு வந்துவிடும். வாரநாளில் ஒழுங்காக எடுத்து, விடுமுறை முடிந்து படுத்துக்கொள்ளும் காரில் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவது வீண்வேலை.

வந்து போகும் மின் பழுதை அளக்காமல் விடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு இருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தில் ஓடிக்கொண்டிருந்த ஷெவர்லே கோபால்ட் கார் ஒன்று நடுவழியில் தானாக அணைந்தது. உரிமையாளரான இளம் நர்ஸ் சர்வீஸுக்கு விட்டார். எரிபொருள் அமைப்பைச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுத்தார்கள். 2010 மார்ச் 10 அன்று, அவருடைய 29-ஆவது பிறந்தநாளில், அதே கார் விபத்துக்குள்ளாகி அவர் இறந்தார். குடும்பத்தின் வழக்கறிஞருக்காக ஆராய்ந்த மார்க் ஹூட் என்ற பொறியாளர், அந்தக் காரின் சாவி சுவிட்சையும் கடையில் வாங்கிய புது சுவிட்சையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார். உள்ளே ஸ்பிரிங்கோடு இருக்கும் சின்னத் தண்டு புதியதில் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் நீளம் கூடுதல். பழையதில் பிடிமானம் போதாமல், சாவிக்கொத்தின் எடையிலோ குலுக்கலிலோ சுவிட்ச் நழுவி இன்ஜினை அணைத்தது. ஏர்பேக்கும் வேலை செய்யாது. காரைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ், பாகத்தின் எண்ணை மாற்றாமலே வடிவத்தை மாற்றியிருந்தது வெளியே வந்தது. 2014-இல் 26 லட்சம் கார்கள் திரும்பப் பெறப்பட்டன. நிறுவனத்தின் இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. ஒரு சின்னப் பாகத்தைக் கையில் எடுத்து அளந்த ஒருவரால் துலங்கிய வழக்கு அது.

அளக்கப் போகும்போது பழுது வரமாட்டேன் என்கிறதே, என்ன செய்வது? அதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது, செலவு குறைந்த வழி. சாலினாய்டின் மெல்லிய வயரிலிருந்து ஃபியூஸ் போட்ட ஒரு வயரை இழுத்து, டேஷ்போர்டில் ஒரு குட்டி பல்பை மாட்டிவிடுவது. பல்பின் மறுமுனை எர்த்துக்கு. சாவியைத் திருப்பும்போதெல்லாம் பல்பு எரியும். ஒரு நாள் கார் எடுக்காது. அன்று ஓட்டுபவர் பல்பைப் பார்த்தால் போதும். பல்பு பளிச்சென்று எரிந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால் சாவி, ரிலே, கிளட்ச் சுவிட்ச் எல்லாம் நிரபராதிகள். பழுது மோட்டாரிலோ பெரிய கேபிளிலோ எர்த்திலோ. பல்பு எரியவில்லை என்றால் மோட்டாரைத் தொடவே வேண்டாம். மங்கலாக எரிந்தால் மெல்லிய வயரின் பாதையில் எங்கோ இழப்பு. பேட்டரியே சரிந்தாலும் மங்கும் என்பதால் உள் விளக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தேட வேண்டிய இடம் ஒரே கணத்தில் பாதியாகிவிடுகிறது. கூடவே ஒரு துண்டுக் காகிதத்தில் நேரம், வெயிலா மழையா, அணைத்து எவ்வளவு நேரம் ஆனது, என்ன சத்தம் வந்தது என்று குறித்து வைத்தால், ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

சில எச்சரிக்கைகள். டெர்மினலைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. கியரில் இருக்கும் காரின் மோட்டாரை ஸ்பேனர் வைத்து நேரடியாகச் சுற்ற வைத்து, கார் பாய்ந்து இடுப்பு முறிந்தவர்கள் உண்டு. தண்ணீரில் நின்ற காரை எக்காரணம் கொண்டும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த நீர் கனெக்டிங் ராடை வளைத்துவிடும்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேட்டரி டெர்மினல்களையும் பாடி எர்த், இன்ஜின் எர்த் போல்ட்டுகளையும் கழற்றி, உலோகம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவிவிடுங்கள். அடுத்த முறை யாராவது "பேட்டரி மாத்திடுங்க சார்" என்றால், "செல்ஃப் அடிக்கும்போது எத்தனை வோல்ட் காட்டுதுன்னு மீட்டர் வச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். காட்டுகிற கடையில் வேலையைக் கொடுங்கள். காட்டாத கடையில் கொடுக்காதீர்கள்.